ஹயகாவாவின் பொருண்மையியலும் மாணவர் கிளர்ச்சி பற்றிய அவருடைய எழுத்துகளும்

பல்கலைக்கழக ஆட்சியாளர்கள் மாணவர் கிளர்ச்சி குறித்து எழுதியவை கல்வியியலாரும் வரலாற்றாசிரியரும் படிக்கும் ஆவணங்களாகவே பெரிதும் கருதப்பட்டு வந்துள்ளன. சுற்றறிக்கை, ஒழுங்குவிதி, விசாரணைக் குழுவின்முன் அளித்த சான்றுரை, பட்டமளிப்பு விழாப் பேச்சு, ஓய்வுக்குப்பின் எழுதிய கட்டுரை என அவை பல வடிவில் கிடைக்கின்றன. மொழியியலார் அவற்றை எடுத்துப் பார்ப்பது அரிது. ஆயினும் அவற்றுள் ஒருவருடைய எழுத்துகள் மொழியியலார் ஒதுக்கிவிட முடியாதவை. ஏனெனில் எழுதியவர் தாமே மொழியறிஞர். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பொதுமக்களுக்கு விளக்கிப் புகழ்பெற்றவர். அவர் சாமுவேல் இச்சியே ஹயகாவா (1906-1992). கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் ஏறத்தாழ ஐந்து மாதம் நடந்த மாணவர் போராட்டத்தின்போது அக்கல்லூரியின் தலைவராக அமர்த்தப்பட்டவர்.

ஹயகாவா தம் நூலில் வகுத்த மொழிக் கோட்பாட்டைத் தம் ஆட்சியில் கைவிட்டார் என்பது அவரைப் பற்றி அடிக்கடி எழும் குற்றச்சாட்டு. இது எளிதில் சொல்லக்கூடியது; ஓரளவு உண்மையும்கூட. ஆயினும் அவருடைய எழுத்துகளைக் கோட்பாட்டு நூலோடு ஒருசேர வைத்துப் படிப்பவருக்கு வேறொன்று புலப்படும். அவர் கோட்பாட்டைக் கைவிடவில்லை. அக்கோட்பாட்டில் தொடக்கம் முதலே இருந்த ஓர் இடைவெளி 1968இல் வெளிப்பட்டது. ஒரு செயலுக்குப் பெயரிடும் உரிமை யாரிடம் உள்ளது, அப்பெயர் எப்போது சட்டமாகிறது என்னும் வினாவுக்கு அக்கோட்பாட்டில் இடம் ஒதுக்கப்படவில்லை.

நூலும் அதன் அளவுகோல்களும்

கனடாவின் வான்கூவரில் சப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த ஹயகாவா, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் 1935இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆல்பிரெட் கோர்சிப்ஸ்கி 1933இல் வெளியிட்ட பெருநூலால் ஈர்க்கப்பட்டுப் 'பொதுப் பொருண்மையியல்' என்னும் சிந்தனைப் பள்ளியைச் சார்ந்தார். நிலப்படம் வேறு, நிலம் வேறு. சொல் வேறு, பொருள் வேறு என்பது அப்பள்ளியின் அடிப்படை. 1941இல் ஹயகாவா எழுதிய 'லாங்குவேஜ் இன் ஆக்ஷன்' அமெரிக்காவில் பெருவாரியாக விற்பனையானது. அது 1949இல் விரிவுபெற்று 'லாங்குவேஜ் இன் தாட் அண்ட் ஆக்ஷன்' எனப் பெயர் மாறியது; பல தலைமுறைக் கல்லூரி மாணவர்களுக்குப் பாடநூலாயிற்று. 1943இல் தொடங்கிய 'எட்செட்ரா' இதழுக்கு அவரே நிறுவன ஆசிரியர். இட்லரின் பரப்புரை பெற்ற வெற்றியே தம்மை இந்நூலை எழுதத் தூண்டிற்று என்று அவர் குறிப்பிட்டுள்ளார். மக்களைச் சொல்லின் மயக்கத்திலிருந்து காப்பது அவர் நோக்கமாக இருந்தது.

அந்நூலின் அளவுகோல்களுள் நான்கு இங்குத் தேவைப்படுகின்றன. முதலாவது, கூற்றுகளை அறிக்கை, ஊகம், தீர்ப்பு எனப் பகுப்பது. சரிபார்க்கத்தக்கது அறிக்கை; தெரிந்ததைக்கொண்டு தெரியாததைச் சொல்வது ஊகம்; சொல்வோனின் விருப்பு வெறுப்பைக் காட்டுவது தீர்ப்பு. இரண்டாவது, உறுமற்சொல், கொஞ்சற்சொல் என்னும் பாகுபாடு. இவை பொருளைச் சுட்டுவனபோலத் தோன்றினும் உண்மையில் நாயின் உறுமலையும் பூனையின் குறுகுறுப்பையும் ஒத்த உணர்ச்சி ஒலிகளே என்பார் ஹயகாவா. மூன்றாவது, அருவ ஏணி. பெஸ்ஸி என்னும் ஒரு குறிப்பிட்ட பசுவிலிருந்து பசு, கால்நடை, பண்ணை உடைமை, செல்வம் என மேலே ஏறஏறப் பெஸ்ஸியின் தனித்தன்மைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடுகின்றன. நான்காவது, இருநிலை நோக்கு. நன்று-தீது, நம்மவர்-பகைவர் என இரண்டே பெட்டிகளில் உலகை அடைக்கும் மனநிலை அது.

இவை எளிமையானவை. தொழில்முறை மொழியியலார் அன்று இவற்றை ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. எனினும் பத்திரிகைத் தலையங்கத்தையும் தேர்தல் மேடைப்பேச்சையும் அளந்து பார்க்க இவ்வளவு கைக்கடக்கமான கருவிகளைப் பிறர் எவரும் பொதுமக்களுக்குத் தந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1968-69: நிகழ்ச்சிகள்

1968 நவம்பர் தொடக்கத்தில், கருஞ்சிறுத்தைக் கட்சியில் பொறுப்பு வகித்த ஜார்ஜ் மர்ரி என்னும் ஆங்கில ஆசிரியர், கல்லூரித் தலைவருக்கு மேலிருந்து வந்த ஆணையால் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். கறுப்பு மாணவர் ஒன்றியமும், ஆசிய, இலத்தீன் அமெரிக்க வழிவந்த மாணவர் அமைப்புகள் கூடிய மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் நவம்பர் 6 அன்று போராட்டத்தைத் தொடங்கின. முன்னதன் கோரிக்கைகள் பத்து, பின்னதன் கோரிக்கைகள் ஐந்து, ஆக பதினைந்து. தலைவராயிருந்த ராபர்ட் ஸ்மித் நவம்பர் 26 அன்று விலகினார். அன்றே ஹயகாவா பொறுப்புத் தலைவரானார். அதற்குமுன் அதே ஆண்டில் ஜான் சம்மர்ஸ்கில்லும் பதவி விலகியிருந்தார். ஓராண்டுக்குள் மூன்றாவது தலைவர்.

ஹயகாவா நெருக்கடி நிலையை அறிவித்து, இசைவின்றி ஒலிபெருக்கி பயன்படுத்துவதைத் தடைசெய்து, டிசம்பர் 2 அன்று கல்லூரியைத் திறந்தார். அன்று காலை மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டியின்மீது தாமே ஏறி, கம்பிகளைப் பிடுங்கி எறிந்தார். ஸ்காட்லாந்துக் குல்லாய் அணிந்த சிறிய உருவமுடைய பேராசிரியர் ஒருவர் வண்டிமேல் நின்ற காட்சி நாடெங்கும் பரவியது. ஆளுநர் ரானல்டு ரீகனின் ஆதரவும் அவருக்குக் கிட்டியது. மறுநாளே வளாகத்தில் காவலருக்கும் மாணவருக்கும் கடும் மோதல். 1969 சனவரியில் ஆசிரியர் சங்கமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சனவரி 23 அன்று தடையை மீறிக் கூடியோரில் 450க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் கைது செய்யப்பட்டனர். மார்ச் மாதம் உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டே இனக்குழு ஆய்வுகளுக்கெனத் தனிப்புலம் அமைந்தது. மர்ரிக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கறுப்பர் ஆய்வுத் துறையை உருவாக்க வந்த சமூகவியலாளர் நேதன் ஹேரின் பணியும் நீட்டிக்கப்படவில்லை.

ஏணியில் யார் எங்கே நின்றனர்?

ஹயகாவா இம்மாதங்களிலும் பின்னரும் வெளியிட்ட அறிக்கைகளிலும், 1969இல் அமெரிக்கப் பேராயக் குழுக்களின்முன் அளித்த சான்றுரைகளிலும், பேச்சுகளிலும் திரும்பத்திரும்ப வரும் கருத்துகள் சில. பெரும்பான்மை மாணவர் படிக்கவே விரும்புகின்றனர். சிறுபான்மையினர் சிலர் அவர்களைத் தடுக்கின்றனர். வகுப்புகள் நடந்தாக வேண்டும். ஒழுங்கு இல்லையேல் கல்விச் சுதந்திரம் இல்லை. இவற்றை அவருடைய நூலின் அருவ ஏணியில் வைத்துப் பார்த்தல் தகும். ஒழுங்கு, கல்வி, சுதந்திரம், பெரும்பான்மை ஆகிய அனைத்தும் ஏணியின் உச்சிப்படியில் உள்ளவை. எந்த வகுப்பு, எந்தப் பாடம், யார் சேர்க்கப்பட்டார், யார் சேர்க்கப்படவில்லை என்பன அவ்வுயரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மாணவர்களின் கோரிக்கைப் பட்டியல் இதற்கு நேர்மாறானது. கறுப்பர் ஆய்வுத் துறைக்கு 20 முழுநேர ஆசிரியப் பணியிடங்கள். இனக்குழு ஆய்வுப் புலத்திற்கு 50 பணியிடங்கள். ஹேருக்கு முழுப் பேராசிரியர் நிலையும் அதற்கொத்த ஊதியமும். மர்ரிக்கு அவர் வேலை. போராட்டத்தில் பங்குகொண்டவர்மீது நடவடிக்கை கூடாது. இப்பட்டியலை எவர் சரிபார்க்கவும் இயலும். பணியிடம் தரப்பட்டதா இல்லையா என்று எண்ணிச் சொல்லிவிடலாம். ஹயகாவாவின் பாடநூல் மாணவனுக்குக் கற்பித்த ஏணியின் கீழ்ப்படி மொழி இதுதான். அந்நூலைப் படித்தவர்போல எழுதியவர்கள் மாணவர்கள்; எழுதிய ஆசிரியரோ மேற்படியில் நின்று பேசினார்.

இதற்கு மறுப்பும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மாணவர் மேடைகளில் பேசப்பட்டது இப்பட்டியலின் மொழியன்று. காவலரைப் 'பன்றிகள்' என்றதும் எதிர்ப்பட்டோரையெல்லாம் 'பாசிஸ்டுகள்' என்றதும் கலப்பற்ற உறுமற்சொற்கள். தம் கோரிக்கைகள் பேச்சுக்கு அப்பாற்பட்டவை என்று அவர்கள் அறிவித்தது இருநிலை நோக்கின் இலக்கணத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹயகாவா இதைச் சரியாகவே கண்டார். இட்லர்காலப் பரப்புரையை மனத்தில் கொண்டு நூல் எழுதியவருக்கு, திரண்ட கூட்டத்தின் முழக்கம் அச்சம் தந்ததில் வியப்பில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் வந்ததை மட்டுமே கேட்டு, தாளில் எழுதித் தந்ததை அதே முழக்கமாகக் கொள்வது, அவர் நூலின்படியே, இரு வேறு மொழிப் பயன்பாடுகளை ஒன்றாக்கும் பிழையாகும். முழக்கம் திரண்டோரை ஒருங்கிணைக்கும் மொழி. அதற்குச் சொற்பொருள் தேடலாகாது என்று எழுதியவர் அவரே.

அறிக்கையுமன்று, தீர்ப்புமன்று

அவருடைய கோட்பாட்டின் இடைவெளி துலக்கமாகத் தெரியும் இடம் வேறு. 'இது சட்டவிரோதக் கூட்டம்' என்று காவல்துறை ஒலிபெருக்கியில் அறிவிக்கிறது. இக்கூற்று எவ்வகையைச் சாரும்? அறிக்கை எனில், சொல்லுமுன்பே அக்கூட்டம் சட்டவிரோதமாயிருந்திருக்க வேண்டும். அதைச் சென்று சரிபார்க்கவும் இயலவேண்டும். தீர்ப்பு எனில், அது சொல்வோனின் வெறுப்பை மட்டுமே காட்டும். கேட்போர் பொருட்படுத்தாமல் இருக்கலாம். இவ்விரண்டும் இல்லை. கலையுமாறு பணித்து அவ்வாறு அறிவித்தபின் அங்கேயே நிற்பவர் கைதாகத் தக்கவராகின்றனர். கூற்றே நிலையை மாற்றிவிடுகிறது. 'நெருக்கடி நிலை' என்னும் அறிவிப்பும் இத்தகையதே. நெருக்கடி இருந்ததால் அறிவிக்கப்பட்டதா, அறிவித்ததால் உண்டாயிற்றா என்னும் வினாவுக்கு நிலப்பட உவமை விடை தராது. இங்குப் படம் வரைந்தவுடன் நிலம் மாறிவிடுகிறது.

இத்தகைய கூற்றுகளை ஜே.எல். ஆஸ்டின் ஆராய்ந்து நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1962இலேயே நூலாக வெளிவந்துவிட்டன. ஒரு கூற்று செயலாவதற்குச் சொல்வோன் அதற்குரிய இடத்தில் இருக்க வேண்டும், முறை வழுவாதிருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் அதில் விளக்கப்பட்டன. கல்லூரித் தலைவர் 'இது நெருக்கடி' என்றால் விதி பிறக்கிறது. மாணவர் ஒன்றியத் தலைவர் அதையே சொன்னால் அது செய்தித்தாளில் ஒரு வரி. சொற்கள் ஒன்றே, விளைவு வேறு. இவ்வேறுபாட்டைச் சொற்பொருளில் தேடிப் பயனில்லை. சொல்வோனின் பதவியில் தேட வேண்டும்.

ஹயகாவாவின் நூலில் இதற்கு நெருங்கிவரும் இயல் ஒன்று உண்டு. சமூகக் கட்டுப்பாட்டின் மொழியைப் பற்றியது அது. சட்டம், சடங்கு, உறுதிமொழி ஆகியன எதிர்காலத்தைப் பற்றிய வாக்குறுதிகள். சமூகம் அவ்வாக்குறுதிகளின் வலைப்பின்னல். அவை பொய்க்கும்போது மனமுறிவு நேரும் என்று அவ்வியல் விளக்குகிறது. அந்நூலின் மிகச் சிறந்த பகுதி அதுவே எனலாம். எனினும் அவ்வலைப்பின்னல் அனைவரும் உடன்பட்டுப் பின்னியது என்றே அங்குக் கொள்ளப்படுகிறது. பின்னியபோது யார் கேட்கப்படவில்லை என்னும் வினா எழவில்லை. மொழியின் அடிப்படைப் பணி கூட்டுறவு. மனித இனம் பிழைத்திருப்பது அதனால். ஆகவே பூசல் என்பது கூட்டுறவில் நேர்ந்த பழுது. இதுவே நூலின் வாதம். 1979இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதியின் பெயர்கூடத் 'தொடர்புத் தடையைக் கடந்து' எனப் பொருள்படுவது. இரு தரப்பாரும் ஒருவர் சொன்னதை மற்றவர் நன்றாகவே புரிந்துகொண்டு, புரிந்ததனாலேயே மோதிக்கொள்ளும் நிலை அத்தலைப்பினுள் அடங்காது. 20 பணியிடங்கள் வேண்டும் என்றால் என்ன பொருள் என்பதில் சான் பிரான்சிஸ்கோவில் யாருக்கும் ஐயமிருந்ததாகத் தெரியவில்லை.

ஒலிபெருக்கி வண்டி நிகழ்ச்சியை இவ்விடத்தில் நினைவுகூரலாம். வழித்தடத்தில் இரைச்சல் மிகுந்தால் தொடர்பு கெடும். ஆகவே இரைச்சலை நீக்க வேண்டும் என்பது ஹயகாவாவின் நோக்கில் இயல்பான முடிவு. ஆனால் அவர் கம்பியைப் பிடுங்கிய செயல் தானே ஒரு கூற்றாயிற்று. அன்று அவ்வண்டியில் பேசப்பட்டது என்ன என்பதை இன்று யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. பிடுங்கியது மட்டுமே எல்லா நூல்களிலும் இடம்பெறுகிறது. குறியீட்டைப் பொருளென்று மயங்காதீர் என்று முப்பதாண்டு எச்சரித்தவர், ஒரே காலைப்பொழுதில் நாடறிந்த குறியீடாகிப்போனார்.

காரணம் கூறல்

கிளர்ச்சிக்கான காரணங்களைப் பற்றி ஹயகாவா கூறியவற்றுள் தொலைக்காட்சி பற்றிய கருத்து தனித்தன்மையுடையது. பதவியேற்பதற்கு முன்பே, 1968இல், அதைப் பேசியும் எழுதியும் வந்தார். பள்ளி செல்லுமுன்பே ஆயிரக்கணக்கான மணிநேரம் தொலைக்காட்சிமுன் கழிக்கும் குழந்தை யாரிடமும் மறுமொழி பேசிப் பழகுவதில்லை. சிக்கல் எதுவாயினும் உடனடித் தீர்வு உண்டென்று விளம்பரங்கள் அதற்குக் கற்பிக்கின்றன. அக்குழந்தை வளர்ந்து கல்லூரிக்கு வரும்போது உலகம் உடனே மாறாதது கண்டு சினங்கொள்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். உரையாடலில்லாத மொழிக்கேட்பு குழந்தையின் மொழிவளர்ச்சிக்குப் போதாது என்னும் அளவில் இதன் முற்பகுதி இன்றும் மதிக்கத்தக்கது. பிற்பகுதியே இடர்ப்பாடானது. போராடுபவரின் கூற்றை அது ஒரு நோயின் அறிகுறியாக மாற்றுகிறது. 'தலை வலிக்கிறது' என்பவனிடம் 'எவ்விடத்தில்?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'சிறுவயதில் என்ன பார்த்தாய்?' என்று கேட்பதைப் போன்றது இது. கூற்றுக்குக் காரணம் உண்டு என்பதால் அதற்குச் சுட்டுப்பொருள் இல்லாமற் போய்விடாது.

கறுப்பினத்தவரின் நிலையை அறியாதவர் ஹயகாவா என்று இதனால் முடிவுசெய்வதும் பிழை. 1942 முதல் 1947 வரை கறுப்பரின் வார இதழான 'சிகாகோ டிபென்டர்' இதழில் தொடர்பத்தி எழுதியவர் அவர். ஜாஸ் இசையில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். ஆகவே அவருடைய கிளர்ச்சிக்கால எழுத்துகளை வெறும் இனவெறுப்பாகப் படித்து ஒதுக்கும் திறனாய்வு, அவர் குறைகூறிய அதே இருநிலை நோக்கில் விழுகிறது.

ஒப்பிடத்தக்க இன்னொரு நிருவாகி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த கிளார்க் கெர். 1963இல் ஆர்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் பெரும் பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவர் புறக்கணிக்கப்படுவதை அவரே சுட்டினார். அடுத்த ஆண்டே பெர்க்லியில் பேச்சுரிமை இயக்கம் வெடித்தது. 1967 சனவரியில் ஆட்சிக்குழு அவரை நீக்கியது. தொழிலாளர் உறவுத் துறை வல்லுநரான கெர், பூசலை நலன்களின் மோதலாகக் கண்டார். மொழியறிஞரான ஹயகாவா அதைச் சொற்களின் கோளாறாகக் கண்டார். இருவருள் மொழியைப் பற்றிக் குறைவாக எழுதியவரே மொழிக்கு வெளியே இருப்பதை நன்கு கண்டார் என்பது மொழித்துறையினர் எண்ணிப்பார்க்க வேண்டியது.

தமிழாக்கத்தில் எழும் சிக்கல்கள்

இவ்வெழுத்துகளையும் இவற்றுக்கு எதிரான ஆவணங்களையும் தமிழில் பெயர்க்கப் புகுபவர், முதற்சொல்லிலேயே ஒரு தரப்பைத் தேர்ந்தெடுக்க நேரிடும். 1970இல் கென்ட் அரசுப் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டபின் அமெரிக்கக் குடியரசுத்தலைவர் அமைத்த ஆணைக்குழுவின் பெயரிலேயே இடம்பெற்றது 'அன்ரெஸ்ட்' என்னும் சொல். இது வினைமுதல் இல்லாத பெயர். யார் அமைதி குலைத்தார், யார் அமைதி இழந்தார் என்பதை அது கூறாது. தமிழில் இதற்கு 'அமைதியின்மை' என்பதே நேர்ச்சொல்லாக வழங்குகிறது. நிருவாக ஆவணத்திற்கு அது பொருந்தும். ஆனால் மாணவர் துண்டறிக்கைக்கு அதையே பயன்படுத்தினால், போராடுபவர் தம்மைத்தாமே நோயாளியாக அறிமுகம் செய்துகொள்வதுபோல் ஆகிவிடும். 'போராட்டம்' என்பதில் போராடுபவரும் எதிரியும் உண்டு. 'கலவரம்', 'அமளி' என்பவற்றில் பார்த்துக் கண்டிப்பவர் உண்டு. 'கிளர்ச்சி' இவற்றுள் சற்று நடுநிலையானது. இந்திய அரசாவணங்களில் 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பெருவழக்காயிருந்தது 'ஒழுங்கீனம்' எனத் தமிழில் பெயர்க்கத்தக்க சொல். பல்கலைக்கழக மானியக் குழு 1960இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலும் அச்சொல்லே உள்ளது. ஒழுங்கீனம் மாணவனின் குணம். அமைதியின்மை வளாகத்தின் தட்பவெப்பம். போராட்டம் ஒரு செயல். மூன்றையும் ஒரே சொல்லால் பெயர்க்கும் தமிழாக்கம் இவ்வரலாற்றை அழித்துவிடும்.

'ஸ்டிரைக்' என்பதும் எளிதன்று. 'வேலைநிறுத்தம்' என்றால் மாணவருக்கு வேலை ஏது என்னும் வினா எழும். 'வகுப்புப் புறக்கணிப்பு' என்றால் பொருள் சரி. ஆனால் தொழிலாளரின் சொல்லை மாணவர் வேண்டுமென்றே எடுத்து ஆண்ட துணிவு போய்விடும். சனவரியில் ஆசிரியர் சங்கம் நடத்தியது சொல்லின் நேர்ப்பொருளிலேயே வேலைநிறுத்தம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதே அன்றைய கூட்டணிக்குச் சொல்லளவில் துணைநின்றது. தமிழகக் கல்லூரிப் பேச்சுவழக்கு இச்சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. அங்கு இரண்டுமே 'ஸ்டிரைக்'தான். எழுத்துத்தமிழ் இவ்வழக்கை ஏற்கத் தயங்குவதற்குத் தூய்மை நோக்கன்றி வேறு காரணம் புலப்படவில்லை.

'கோரிக்கை' என்னும் சொல் இன்னொரு வகையில் இடறுகிறது. தமிழில் கோருபவர் கீழ்நிலையில் நிற்பவர்; கோரிக்கை மனுவோடு சேர்ந்தே வழங்குவது. 'பேச்சுக்கு இடமில்லாத கோரிக்கை' என்னும் தொடர் ஆங்கிலத்தில் கடுமை, தமிழில் முரண். 'விட்டுக்கொடுக்க இயலாத கோரிக்கைகள்' என்றால் கடுமை தணிந்து உறுதி மட்டும் எஞ்சும். முரணையே இருத்திக்கொள்வது நல்லது எனத் தோன்றுகிறது. அன்றைய நிருவாகத்தினர் காதிலும் அது முரணாகவே விழுந்திருக்கும்.

மிகுந்த கவனம் வேண்டுவது பெயர்களில். அக்கல்லூரியின் கறுப்பு மாணவர் ஒன்றியம் அதற்குமுன் 'நீக்ரோ' என்னும் பெயரிட்ட சங்கமாக இருந்து 1966இல் பெயர் மாறியது. பழைய தமிழ்ப் பெயர்ப்புகளில் காணப்படுவதுபோல இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் 'நீக்ரோ' என்றே எழுதினால், அவர்கள் தமக்குத் தாமே இட்ட பெயர் தமிழில் பிறவாமலே போகும். 'ஆசிய அமெரிக்கர்' என்னும் தொகைப்பெயரும் 1968இல்தான், பெர்க்லி மாணவரிடையே, 'கீழைநாட்டார்' எனப் பொருள்படும் பழம்பெயருக்கு மாற்றாக உருவாயிற்று. 'மூன்றாம் உலகம்' என்பதோ தமிழ் வாசகருக்கு ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளைச் சுட்டும். சான் பிரான்சிஸ்கோவிலேயே பிறந்து வளர்ந்தவர் தம்மை அவ்வுலகத்தார் என அழைத்துக்கொண்டதன் பொருளை ஒரு தொடரிலேனும் விளக்காமல் அப்பெயரைப் பெயர்க்க முடியாது. போராட்டத்தின் ஒரு பகுதி பெயரிடும் உரிமைக்காகவே நடந்தது என்பதை இப்பெயர்களே காட்டுகின்றன. சொல் வேறு பொருள் வேறு என்னும் கோட்பாட்டுக்கு, மனிதர் தமக்கு இட்டுக்கொள்ளும் பெயர் எப்போதும் சற்று வசப்படாததாகவே இருந்து வந்துள்ளது.

சட்டச் சொற்களிலும் ஒரு கண்ணி உண்டு. 'சட்டவிரோதக் கூட்டம்' என்னும் தொடரைக் காணும் இந்திய வாசகர், 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 141ஆம் பிரிவை ஒட்டி, ஐவரோ மேற்பட்டோரோ கூடுவதை நினைப்பார். 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் எண்ணிக்கை அதுவே. கலிபோர்னியாவின் தண்டனைச் சட்டத்திலோ இருவர் கூடினாலே போதும். தமிழ்த் தொடர் ஒன்றாயிருப்பதால் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது. 1969 சனவரிக் கைதுகளைப் பற்றிய ஆவணத்தைப் பெயர்ப்பவர் இதனைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

பின்னாளைய நிலைப்பாடு

ஹயகாவா 1973 வரை கல்லூரித் தலைவராக இருந்தார். 1976 தேர்தலில் வென்று 1977 முதல் 1983 வரை அமெரிக்க மேலவை உறுப்பினரானார். 1981இல், ஆங்கிலமே நாட்டின் ஆட்சிமொழி என அரசமைப்பில் திருத்தம் கோரும் தீர்மானத்தை முன்மொழிந்தார். 1983இல் அந்நோக்கத்திற்கென ஓர் அமைப்பைத் தொடங்குவதிலும் பங்குகொண்டார். கலிபோர்னியாவில் 1986இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியே ஆங்கிலம் மாநில ஆட்சிமொழியாயிற்று. மொழி மக்களை இணைப்பது. ஆகவே ஒரு மொழி இருந்தால் இணைப்பு வலுக்கும் என்னும் இவ்வாதம் 1941ஆம் ஆண்டு நூலின் முதல் இயலிலிருந்து நேரே வருவது. எந்த மொழியை ஆட்சிமொழி என அறிவிக்க வேண்டும், அறிவிப்பவர் யார், அறிவித்தபின் பிறமொழி பேசுவோரின் நிலை என்ன என்பன, 1968இல் ஒலிபெருக்கியைப் பற்றி எழாதிருந்த அதே வினாக்கள். ஆட்சிமொழிச் சிக்கலை 1965இல் தெருவிலேயே கண்ட நாட்டின் மொழியியலாருக்கு அவ்வினாக்கள் புதியன அல்ல.

அவர் முன்மொழிந்த அரசமைப்புத் திருத்தம் பேராயத்தில் நிறைவேறவில்லை. ஆங்கிலம் அமெரிக்காவின் ஆட்சிமொழி என்னும் அறிவிப்பு 2025 மார்ச் 1 அன்று குடியரசுத்தலைவரின் நிருவாக ஆணையாக வெளிவந்தது.